அஞ்சற் பெருந்தகை ஸ்டெபான்

உலகிற் பெரியோர் எனப் போற்றப்படுவோர் பல திறத்தினர். நாடு வென்றோரும், நூல் யாத்தோரும், அறநெறி உரைத்தோரும், இயற்கையின் மறைகளைக் கண்டு கூறினோரும் அப்பெயர்க்கு உரியர் என்பதனை எவரும் மறார். ஆனால், ஒருவர் எழுதிய கடிதத்தை மற்றொருவரிடம் சேர்ப்பிக்கும் தொழிலையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஓர் உத்தியோகஸ்தர் அவ்வரிசையில் இடம் பெறுதல் கூடுமோ? கூடும் என்பதற்குச் சான்றாய் விளங்குபவர் ஜெர்மனி தேசத்து ஹைன்ரிக் வான் ஸ்டெபான் என்னும் பெரியார். அவர்தம் வரலாற்றைச் சுருக்கி உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அன்னாரது திருமுகத்தை முதலிற் கண்டறிவோர் பெரும்பாலும் அஞ்சல் தலை சேகரிப்போரே ஆவர். முதல் உலகப் போர் முடிவுற்ற 1918-ஆம் ஆண்டிற்கும், இரண்டாம் போர் தொடங்கிய 1939-ஆம் ஆண்டிற்கும் இடையே ஜெர்மனி வெளியிட்ட தலைகள் ஒரு சிறு புத்தகத்தில் அடங்கக் கூடியனவே. ஆயினும் அப்புத்தகத்தைப் புரட்டுவோர், ஒரு நாட்டின் தாழ்வையும் எழுச்சியையும் மயக்கத்தையும் வரிசையாகக் காண்பர். 1926-இல் தொடங்கிய ஒரு வரிசையில் கெதே, ஷில்லர், பெத்தோவன், காண்ட், லெஸ்ஸிங், லைப்னிட்ஸ், பாக், டூரர் முதலிய புலவரும் இசைவாணரும் தத்துவ ஞானியரும் ஓவியரும் காட்சி தருகின்றனர். 1935-இல் ஷூட்ஸ், பாக், ஹாண்டல் என்னும் மூவரும் ஒருங்கே தோன்றுகின்றனர். நம் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் ஹாண்டலின் இசையைக் கேளாதார் சிலரே. அதற்கு ஈராண்டு கழித்து ஹிட்லரின் தலையும் ஏறிவிடுகின்றது. இவர்கட்கெல்லாம் முன்னதாக, 1924-ஆம் ஆண்டிலேயே, 10, 20, 60, 80 பெனிக் விலையுள்ள நான்கு தலைகளில் ஒருவர் முகம் பொறிக்கப்பட்டுள்ளது. அவரே ஸ்டெபான். நாட்டின் மாபெரும் கவிஞர்க்கும் முன்னதாக ஓர் அஞ்சல் அதிகாரியை அந்நாட்டார் நினைவு கூர்ந்தது என்னை? இதற்கு விடை காண வேண்டின், அவர் பிறப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

பால்டிக் கடலை அடுத்த பொமெரேனியா மாகாணத்தில் ஸ்டோல்ப் என்பது ஒரு சிற்றூர். இன்று அது போலந்து நாட்டில் ஸ்லூப்ஸ்க் என்னும் பெயருடன் உள்ளது. அங்கே 1831-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7-ஆம் நாள் ஸ்டெபான் பிறந்தார். தந்தையார் தையற்றொழில் செய்தவர். செல்வமோ குலப்பெருமையோ அக்குடும்பத்திற்கு இல்லை. பள்ளிக் கல்வியை முடித்ததும் பல்கலைக்கழகம் புகும் வாய்ப்பின்றி, 1848-இல், தம் பதினேழாவது வயதிலேயே, பிரஷ்ய அரசின் தபால் இலாகாவில் எழுத்தராக அமர்ந்தார். பகலெல்லாம் கடிதக் கட்டுகளோடு உழன்ற அவ்விளைஞர், ஓய்ந்த வேளைகளில் பிறமொழிகளைத் தாமே பயின்றார். சரித்திரமும் பூகோளமும் கற்றார். பட்டம் இல்லாத குறையைப் படிப்பினால் நிறைவு செய்துகொண்ட அவர், சில ஆண்டுகளில் பெர்லின் தலைமை அலுவலகத்திற்கு உயர்த்தப்பட்டார். 1859-இல், இருபத்தெட்டு வயதில், பிரஷ்ய அஞ்சலின் வரலாற்றை ஒரு பெருநூலாக எழுதி வெளியிட்டார். தாம் செய்யும் தொழிலின் தோற்றமும் வளர்ச்சியும் அறியாது அத்தொழிலைச் சீர்திருத்துதல் இயலாது என்பது அவர் கொள்கையாய் இருந்தது போலும்.

அக்காலத்து அஞ்சலின் நிலையை ஈண்டு அறிதல் நலம். ஒரு நாட்டினுள்ளே தூரம் கருதாது ஒரே கட்டணம் என்னும் முறையை 1840-இல் இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் நிறுவினார். இந்தியாவிலும் 1854 முதல் அரையணாத் தலை ஒட்டிய கடிதம் கன்னியாகுமரிக்கும் செல்லும், காசிக்கும் செல்லும் என்றாயிற்று. ஆனால் நாட்டெல்லையைக் கடந்தவுடன் குழப்பம் தொடங்கும். ஒவ்வோர் அரசும் பிற அரசுகளுடன் தனித்தனி உடன்படிக்கை செய்திருந்தது. கடிதம் எந்த நாடுகளின் வழியே செல்கின்றது, எக்கப்பலில் ஏறுகின்றது என்பதைப் பொறுத்துக் கட்டணம் வேறுபடும். எடைக்கும் நாணயத்திற்கும் நாட்டிற்கொரு கணக்கு. வாங்கிய காசைப் பங்கிட்டுக்கொள்ளுவதற்கே எழுத்தர் பலர் இரவும் பகலும் கணக்கெழுதினர். ஜெர்மன் மொழி பேசும் நிலப்பகுதியிலேயே பல அஞ்சல் ஆட்சிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று தூர்ன்–டாக்ஸிஸ் என்னும் பிரபு குடும்பத்தின் தனி உடைமையாக மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நடைபெற்று வந்தது.

நம் நாட்டிற்கும் ஜெர்மனிக்கும் இடையே கடிதம் சென்ற வரலாறு மிகப் பழைமையானது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும், அவர்க்குப் பின் வந்த தொண்டர்களும், ஹாலே நகரத்தார்க்கு எழுதிய கடிதங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்க்கப்பல்களிற் பல மாதம் மிதந்து சென்றன. நம் செம்பரம்பாக்கத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையை அடுத்துள்ள வேப்பேரியில் இருந்துகொண்டு தமிழ் அகராதி தொகுத்தவரும், திருமறையைத் தமிழிற் பெயர்த்தவருமான பப்பிரிசியஸ் ஐயர், தாயகத்திலிருந்து ஒரு மறுமொழி பெற நெடுங்காலம் காத்திருந்தவரே. எழுதியவர் இறந்தபின் விடை வந்து சேர்தலும் அக்காலத்தில் நிகழக்கூடியதே. இவ்விடரைக் கடலும் காற்றும் மட்டும் விளைக்கவில்லை. அரசுகளின் வரப்புகளும் விளைத்தன. கடலை நீராவிக் கப்பல் வென்றது. வரப்புகளை வென்றவர் ஸ்டெபான்.

அவர் முதலிற் கருதியது மிக எளிய ஒரு பொருளாகும். 1865-இல் கார்ல்ஸ்ரூஹே நகரிற் கூடிய ஜெர்மானிய அஞ்சல் மாநாட்டில், உறையின்றித் திறந்தவாறே அனுப்பத் தக்க ஒரு சிறு அட்டையை வெளியிடலாம் என்னும் யோசனையை அவர் முன்வைத்தார். சிறு செய்திக்கு நீண்ட முகமனும் உறையும் அரக்கும் எற்றிற்கு என்பது அவர் எண்ணம். மாநாட்டார் அதனை ஏற்றிலர். நான்கு ஆண்டு கழித்து, 1869 அக்டோபர் முதல் நாள், ஆஸ்திரியா அரசு அத்தகைய அட்டையை வெளியிட்டது. அதன் புகழ் எம்மானுவேல் ஹெர்மன் என்னும் பேராசிரியர்க்குச் சென்றது. ஸ்டெபான் மனம் தளர்ந்திலர். தமக்கு அதிகாரம் வந்த உடனே, 1870 ஜூலை முதல் நாள், தம் நாட்டிலும் அதனை வெளியிட்டார். முதல் நாளிலேயே பெர்லின் நகரில் 45,000-க்கு மேற்பட்ட அட்டைகள் விற்றன. அம்மாதத்திலேயே பிரான்சோடு போர் மூண்டது. களத்திலிருந்த வீரர் தம் தாய்க்கும் மனைவிக்கும் உயிரோடிருத்தலை அறிவிக்க அவ்வட்டையே உதவியது. இந்தியாவில் 1879-இல் காலணா அட்டை வந்து, ஏழை எளியோரும் உறவினர்க்கு எழுதலாயினர். கார்ல்ஸ்ரூஹேயில் தள்ளப்பட்ட கல் பிற்காலத்திற் கோடிக்கணக்கானோர்க்கு உதவியதெனின் மிகையாகாது.

1866-இல் பிரஷ்யா பிராங்க்பர்ட் நகரைக் கைப்பற்றியபோது, தூர்ன்–டாக்ஸிஸ் குடும்பத்தின் அஞ்சலை அரசுடைமையாக்கும் பொறுப்பு ஸ்டெபானிடம் ஒப்புவிக்கப்பட்டது. 30 இலட்சம் தாலர் ஈடாகத் தரப்பட்டு, 1867 ஜூலை முதல் நாள் அவ்வமைப்பு பிரஷ்யாவோடு இணைந்தது. அதன்பின், 1869-இல் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவிற்கு எகிப்து சென்றார். அந்நாட்டைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். கீழ்நாடுகட்குச் செல்லும் கடிதம் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டியதில்லை என்பதை நேரிற் கண்ட அவர்க்கு, உலகமே ஒரு சிற்றூராய்த் தோன்றியிருத்தல் வேண்டும். 1870-இல், தம் 39-ஆவது வயதில், வட ஜெர்மானியக் கூட்டரசின் அஞ்சல் தலைமை அதிகாரியானார். தையற்காரர் மகன் இருபத்திரண்டு ஆண்டில் இப்பதவியை எய்தினார்.

இனி அவர்தம் வாழ்வின் தலையாய செயலைக் கூறுவாம். 1863-இல் அமெரிக்க அஞ்சல் தலைவர் மான்ட்கோமரி பிளேர் என்பாரின் அழைப்பிற்கிணங்கப் பாரிஸ் நகரில் 15 நாட்டார் கூடிப் பொது விதிகள் சிலவற்றை ஆராய்ந்தனர். எனினும் கட்டுப்படுத்தும் உடன்பாடு எதுவும் பிறக்கவில்லை. 1868-இல் ஸ்டெபான், எல்லா நாடுகளுக்கும் பொதுவான அஞ்சற் சங்கம் ஒன்றிற்கான திட்டத்தை வரைந்தார். போர் குறுக்கிட்டமையால் அது சில ஆண்டு தடைப்பட்டது. இறுதியில் சுவிட்சர்லாந்து அரசின் அழைப்பின் பேரில் 1874 செப்டம்பர் 15-ஆம் நாள் பெர்ன் நகரில் 22 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். ஒரு மாதம் நிறைவதற்குள், அக்டோபர் 9-ஆம் நாள், உடன்படிக்கை உருவாயிற்று.

அவ்வுடன்படிக்கையின் கருத்துக்கள் மிகத் தெளிவானவை. உடன்பட்ட நாடுகளனைத்தும் கடிதப் போக்குவரவின் பொருட்டு ஒரே நிலப்பரப்பாகக் கருதப்படும். 15 கிராம் எடையுள்ள கடிதத்திற்கு 25 சாந்தீம் என்பதை நடுவாகக் கொண்டு எங்கும் ஏறத்தாழ ஒரே கட்டணம் வாங்கப்படும். கடிதம் புறப்படும் நாடு தான் வாங்கிய காசைத் தானே வைத்துக்கொள்ளும். ஒரு கடிதத்திற்கு ஒரு மறுமொழி உண்டாதலால், போவதும் வருவதும் ஒருவாறு ஒத்துவிடும் என்பது அதன் அடிப்படை. ஒரு நாட்டின் கடிதம் மற்றொரு நாட்டின் வழியே செல்வதைத் தடுத்தல் ஆகாது. இடைநாட்டிற்கு வரையறுத்த சிறு தொகை மட்டும் உண்டு.

செம்பரம்பாக்கத்து ஏரியைக் கண்டோர்க்கு இதனை விளக்குதல் எளிது. பல திசைகளினின்றும் கால்வாய்கள் வந்து அவ்வேரியில் விழுகின்றன. எக்கால்வாய் கொணர்ந்த நீர் எத்துணை என்று பிரித்துக் கணக்கிட முயல்வாரில்லை. கரைக்குட் புகுந்தபின் அனைத்தும் ஒரே நீர். அது மடை வழியே கழனிக்கும் பாய்ந்தது, சென்னை மாநகரத்தார்க்குக் குடிநீருமாகின்றது. துளிதோறும் உரிமை கேட்டு வரப்பிடுவோமாயின் ஏரி ஏது? நீர்தான் ஏது? கணக்கை விடுத்தலே ஆதாயம் என்னும் உண்மையை அரசுகட்கு உணர்த்தியதே ஸ்டெபானின் அறிவுத்திறம்.

பிரான்ஸ் மட்டும் தயங்கியது. மூன்று ஆண்டுகட்கு முன்னரே ஜெர்மனியிடம் தோற்று, நிலம் இழந்து, பெரும் தண்டமும் செலுத்திய நாடு அது. வருவாய்க் குறைவை அஞ்சியதோடு, பகைநாட்டான் வகுத்த திட்டம் என்னும் கசப்பும் அதற்கு இருந்திருப்பின் வியப்பில்லை. எனினும் 1876 ஜனவரி முதல் நாள் தொடங்கி அதுவும் இணைந்தது. 1875 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த அச்சங்கத்தில் இந்தியா 1876 ஜூலை முதல் நாள் சேர்ந்தது. இலங்கை மறு ஆண்டு சேர்ந்தது. 1878-இல் பாரிஸிற் கூடிய மாநாட்டில், உலக அஞ்சற் சங்கம் என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தோல்வியுற்ற நாட்டின் தலைநகரிலேயே அப்பெயர் பிறந்தமை நினையத் தக்கது.

தமிழ் பயிலும் நமக்குச் சிறப்பாக உவகை அளிக்கும் செய்தி ஒன்று உண்டு. ஜெர்மானிய அஞ்சலில் அந்நாள் வழங்கிய சொற்களுட் பெரும்பாலன பிரெஞ்சுச் சொற்கள். கற்றோர்க்கன்றிக் குடியானவர்க்கு அவை விளங்கா. ஸ்டெபான் 700-க்கு மேற்பட்ட அத்தகைய சொற்களை நீக்கி, மக்கள் பேசும் தாய்மொழிச் சொற்களை ஆண்டார். பதிவுத் தபாலுக்கும், நிலையத்திலேயே வைத்திருந்து கொடுக்கும் கடிதத்திற்கும், கடித உறைக்கும் அவர் வழங்கிய சொற்களே அந்நாட்டில் இன்றும் நிலவுகின்றன. சிலர் நகைத்தனர், ஆயினும் அஞ்சல் நிலையத்துப் பலகையிலும் படிவத்திலும் நாள்தோறும் கண்ட சொற்கள் நாவிற் பழகிவிட்டன. டெலிபோன் என்பதற்கு அவர் வழங்கிய பெர்ன்ஷ்ப்ரெகர் என்னும் சொல், தொலைவிற் பேசுவது என்று பொருள்படும். நம் தொலைபேசி என்னும் சொல்லும் அதே அமைப்பினது. புலவர் அவையில் மட்டும் ஆக்கப்படும் கலைச்சொல் ஏட்டில் உறங்கும். அலுவலகத்திலும் அங்காடியிலும் ஆளப்படும் சொல்லே உயிர்வாழும் என்னும் படிப்பினையை அவர் செயல் நமக்கு நல்குகின்றது.

அத்தொலைபேசியை ஜெர்மனியில் நிலைநாட்டியவரும் அவரே. 1877 அக்டோபரில் அக்கருவியைப் பெர்லினிற் சோதித்துப் பார்த்து, உடனே அதனைத் தந்தி நிலையங்களிற் பயன்படுத்தத் தொடங்கினார். 1881-இல் பெர்லின் நகரத் தொலைபேசி நிலையம் தொடங்கியபோது சந்தாதாரர் மிகச் சிலரே. அவர்களுடைய பெயர் கொண்ட சிறு புத்தகத்தை மூடர் பட்டியல் என்று நகரத்தார் எள்ளினர். எள்ளினோரே பின்னர் அப்பட்டியலில் இடம் தேடினர். 1872-இல் அவர் நிறுவிய அஞ்சற் காட்சிச்சாலை, உலகில் அத்தகையவற்றுள் முதலாவதாகும். 1847-இல் மொரீஷியஸ் தீவு வெளியிட்ட புகழ்பெற்ற சிவப்பு, நீலத் தலைகள், அதன் வழிவந்த பெர்லின் காட்சிச்சாலையில் இன்றும் காக்கப்படுகின்றன.

இத்தகைய பெரியாரிடத்துக் குறையே இல்லை என்று கூறுதல் வரலாற்றிற்கு அடுத்ததன்று. நகர்தோறும் அரண்மனை போன்ற அஞ்சல் மாளிகைகளை எழுப்பிப் பொதுப்பணத்தைப் பெருக்கிச் செலவிட்டார் என்று சட்டசபையில் அவர் குறை கூறப்பட்டார். அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. 1890-இல் கீழ்நிலை அஞ்சல் உதவியாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தபோது, அதனை அவர் பொறாதவராய் அடக்க முயன்றார். அதிற் சேர்ந்தோர் தண்டனைக்கு உள்ளாயினர். நாடுகள் சங்கமாதல் நன்றென்று உலகிற்கு உணர்த்தியவர், தம் கீழ்ப் பணியாற்றுவோர் சங்கமாதல் தீதென்று கருதினார். தாமே எழுத்தராயிருந்து உயர்ந்தவர் இங்ஙனம் செய்தமை வருந்தத் தக்கதே. உயர்ந்த பின் தாம் ஏறிய படியை மறவாதிருத்தல் அறிவினும் அரிய குணம் போலும்.

1885-இல் அரசர் அவர்க்குப் பிரபு பட்டம் அளித்தார். 1895-இல் அமைச்சர் பதவியும் வாய்த்தது. 1897 ஏப்ரல் 8-ஆம் நாள் பெர்லினில் ஸ்டெபான் காலமானார். அடுத்த மாதம் வாஷிங்டன் நகரிற் கூடிய உலக அஞ்சல் மாநாடு, தன்னை ஆக்கியவர் இல்லாமலே நடைபெற்றது. 1909-இல் பெர்ன் நகரில், ஐந்து கண்டங்களைக் குறிக்கும் ஐந்து மகளிர் உலக உருண்டையைச் சூழ்ந்து கடிதங்களைக் கைமாற்றும் சிற்பம் திறக்கப்பட்டது. அதுவே இன்று அச்சங்கத்தின் சின்னமாக உள்ளது.

அவர் கண்ட ஒற்றுமை போரைத் தடுக்கவில்லை. 1914-இல் மூண்ட பெரும் போரில் பகைநாடுகளுக்கிடையே கடிதப் போக்கு அற்றது. பெர்லின் காட்சிச்சாலைக்கென்று பெராரி என்னும் செல்வர் எழுதிவைத்த ஒப்பற்ற அஞ்சல் தலைத் தொகுதி, 1917-இல் அவர் இறந்தபின் பிரெஞ்சு அரசால் பகைவர் சொத்தென்று கைப்பற்றப்பட்டு, 1921 முதற் பாரிஸில் ஏலம் விடப்பட்டது. வந்த பொருள் போர் இழப்பீட்டுக் கணக்கிற் சேர்ந்தது. ஸ்டெபான் நிறுவிய சாலைக்கு வரவேண்டிய அப்பெருந் தொகுதி, நாடுகளை இணைக்கும் சிறு தாள்களின் தொகுதி, நாடுகளின் பகையாற் சிதறியது.

தோற்ற ஜெர்மனியின் நாணயமும் சிதறியது. 1923 ஜனவரி இடையில் உள்நாட்டுக் கடிதத்திற்கு 50 மார்க். செப்டம்பர் முதல் நாள் 75,000. நவம்பர் முதல் நாள் 10 கோடி. அம்மாதம் 26-ஆம் நாள் 8,000 கோடி மார்க்! புதிய தலை அச்சிட நேரமின்றிப் பழைய தலைகளின் மீதே புது விலையை மேலச்சிட்டனர். 5,000 கோடி மார்க் விலையுள்ள தலையும் வெளிவந்தது. சேகரிப்போர் ஒன்று கருத வேண்டும்: இத்தலைகளிற் பயன்படுத்தாதவை இன்றும் மலிவாகவே கிடைக்கும், சில நாளே செல்லுபடியான காலத்தில் உண்மையாகவே கடிதத்தில் ஒட்டப்பட்டு முத்திரை பெற்றவையே அரியன. அதனாற் பொய் முத்திரைகளும் மலிந்தன. ஆகவே முத்திரையின் நாளை அக்காலக் கட்டணத்தோடு ஒப்பிட்டு ஆராய்தல் கடமை. பூரணச் சந்திரன் போன்ற பெரிய எண்ணைக் கண்டு மயங்குதல் வேண்டா. ஒருவன் தன் வாழ்நாட் சேமிப்பெல்லாம் ஒரு கடிதக் கூலிக்கும் போதாதாகக் கண்ட துயரம் அவ்வெண்ணின் பின்னே நிற்கின்றது.

1923 டிசம்பர் முதல் நாள் புது நாணயத்தில், கடிதம் 10 பெனிக் என்றாயிற்று. அடுத்த ஆண்டே ஸ்டெபான் தலைகள் வெளிவந்தன. பெர்ன் உடன்படிக்கையின் ஐம்பதாவது ஆண்டு அது. சர்வதேச சங்கத்தில் ஜெர்மனிக்கு 1926 வரை இடமில்லை; ஆனால் உலக அஞ்சற் சங்கத்தில் அதன் இடம் போகவில்லை. பொருளும் பெருமையும் இழந்து நின்ற ஒரு நாடு, உலகத்தார் எல்லாரும் ஏற்ற தன் நற்கொடை ஒன்றைத் தேடியபோது, அதற்குக் கிடைத்தது வெற்றிவேந்தன் முகம் அன்று. அஞ்சல் எழுத்தராய்த் தொடங்கிய ஒருவரின் முகமே. முன்னர் எழுப்பிய வினாவிற்கு இதுவே விடையாகும்.

இரண்டாம் போருக்குப் பின் அச்சங்கம் 1948-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் சார்பு நிறுவனமாயிற்று. இன்று 192 நாடுகள் அதன் உறுப்பினர். 1969-இல் டோக்கியோ மாநாட்டில், இந்தியப் பிரதிநிதி ஆனந்த் மோகன் நருலா என்பார் முன்மொழிய, அக்டோபர் 9-ஆம் நாள் உலக அஞ்சல் நாளாக அறிவிக்கப்பட்டது. மின்னஞ்சல் நொடியிற் செல்லும் இந்நாளிலும், செம்பரம்பாக்கத்துப் பெட்டியில் இடும் ஒரு கடிதம், வழியிலுள்ள எந்த அரசையும் இரந்து நில்லாமல், இந்தியத் தலை ஒன்றன் உரிமையினாலே ஹாலே நகரத்து வாயிலை அடைகின்றது. பேரரசுகள் பல அழிந்தும் இவ்வுரிமை அழியவில்லை.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பலர் நாளை எழுத்தராயும், ஆசிரியராயும், அலுவலராயும் அமரப் போகின்றோம். அரியணையிலன்றி மேசையிலும் உலகிற்கு நலம் விளைக்கலாகும் என்பதை ஸ்டெபானின் வாழ்வு காட்டுகின்றது. உம் தொகுப்பில் அவர் தலை ஒன்று கிடைக்குமாயின், விலை மிகக் குறைந்ததென்று கருதி மூலையில் ஒட்டிவிடாதீர். ஏனைத் தலைகள் கடல் கடந்து நம் கைக்கு வந்ததே அவரால் என்பதனை உள்ளுங்கள்.